திருப்பூரில் 11 மெஷின் போட்டு ஜாப் ஒர்க் தொடங்குகிறவருக்கு

அவினாசி ரோடு, பி.என். ரோடு, அனுப்பர்பாளையம் என்று எங்கே போனாலும் கரன்ட் கம்பத்தில் ஒரே நோட்டீஸ்தான்: ஓவர்லாக், பேட்லாக், சிங்கர் டெய்லர்கள் தேவை. (சிங்கர் என்றால் இங்கே பிராண்டு இல்லை, ஒற்றை ஊசி மெஷினுக்கு ஊர் வைத்த பெயர். ஓவர்லாக் துணி ஓரங்களை மூட்டும் மெஷின், பேட்லாக் ஓரத்தை மடித்துத் தைக்கும் மெஷின்.) புதிதாக யூனிட் போட வருகிறவர் முதலில் படிக்க வேண்டியது அந்த நோட்டீஸைத்தான். திருப்பூரில் ஆர்டரை விட, நின்று தைக்கிற ஆள் கிடைப்பதுதான் கஷ்டம். ஜாப் ஒர்க், அதாவது கம்பெனி வெட்டிக் கொடுக்கும் துணியைக் கூலிக்குத் தைக்கிற யூனிட் இழுத்து மூடப்படுவதற்குக் காரணம் பெரும்பாலும் வேலை இல்லாமை அல்ல. பீஸுக்குக் கம்பெனி தரும் ரேட்டைக் கண்ணை மூடிக்கொண்டு பேசியது ஒரு காரணம், ஐந்தாறு வாரத்தில் சனிக்கிழமைச் சம்பளத்துக்குக் கையில் பணம் இல்லாமல் போவது இன்னொன்று.

இங்கே சொல்வது சாதாரண ரவுண்ட் நெக், அரைக்கை டி-சர்ட்டை மட்டும் தைக்கிற யூனிட்டுக்கான கணக்கு. வெட்டிய பீஸ் கம்பெனியிலிருந்து வரும், தைத்துச் செக் செய்து திருப்பி அனுப்ப வேண்டும். கட்டிங், அயர்னிங், பேக்கிங் சேர்த்துச் செய்வது வேறு கதை. முதல் வருடம் அதைத் தொடாமல் இருப்பது நல்லது.

நிமிடத்தை எண்ணிவிட்டு ரேட் பேசுங்கள்

நீங்கள் விற்பது டி-சர்ட் அல்ல, துணியும் உங்களுடையது அல்ல. டெய்லருடைய நிமிடத்தைத்தான் விற்கிறீர்கள். ஆகவே ஒரு பீஸ் எத்தனை நிமிடம் தின்கிறது என்று தெரியாமல் கம்பெனி மெர்ச்சண்டைசர் (ஆர்டரைப் பார்த்துக்கொள்கிறவர்) முன் உட்காரக் கூடாது.

அளப்பது எளிது. போனில் ஸ்டாப்வாட்ச் போதும். ஒரு வேலைக்கு 10 பீஸ் அளக்கவும். பீஸைக் கையில் எடுப்பதில் தொடங்கி, தைத்ததைக் கீழே வைத்து அடுத்ததைத் தொடும் வரை ஒரு சுற்று. முதல் இரண்டைத் தள்ளிவிட்டு மீதி எட்டுக்குச் சராசரி எடுங்கள். நூல் அறுவது, கட்டுப் பிரிப்பது, தண்ணீர் குடிப்பது எல்லாவற்றுக்கும் 15 சதவீதம் மேலே சேருங்கள். உங்கள் யூனிட்டிலேயே வேகமான டெய்லரை அளந்து அதை எல்லோருக்கும் வைத்தால் கணக்கு முதல் நாளே பொய்யாகும். நடுத்தர வேகத்தில் தைக்கிறவரை அளங்கள்.

எடுத்துக்காட்டுக்கு இப்படி வைத்துக்கொள்வோம்:

ஷோல்டர் மூட்டுதல், ஓவர்லாக்: 0.40 நிமிடம்
கழுத்து ரிப் (இழுபடும் பட்டைத் துணி) வளையம் மூட்டுதல், சிங்கர்: 0.25
ரிப்பைக் கழுத்தில் ஏற்றுதல், ஓவர்லாக்: 0.50
பேக் நெக் டேப், இரண்டு ஓட்டு, சிங்கர்: 0.90
மெயின் லேபிள், சிங்கர்: 0.25
கை மடிப்பு, பேட்லாக்: 0.50
கை ஏற்றுதல், ஓவர்லாக்: 0.80
சைடு மூட்டுதல், வாஷ்கேர் லேபிளோடு, ஓவர்லாக்: 0.90
பாட்டம் மடிப்பு, பேட்லாக்: 0.50

மொத்தம் 5 நிமிடம். ஓவர்லாக் வேலை மட்டும் 2.60, சிங்கர் 1.40, பேட்லாக் 1.00. பத்து டெய்லர் என்றால் ஆளுக்கு அரை நிமிடம் வேலை விழ வேண்டும். அப்படிப் பார்த்தால் ஓவர்லாக் 5.2, சிங்கர் 2.8, பேட்லாக் 2. எல்லோரும் இங்கேதான் "ஓவர்லாக் அஞ்சு போதும்" என்று மெஷின் வாங்கிவிடுகிறார்கள்.

அஞ்சு போட்டால் என்ன நடக்கும் என்று பாருங்கள். சைடுக்கு இரண்டு பேர், ஆளுக்கு 0.45. கை ஏற்ற இரண்டு பேர், ஆளுக்கு 0.40. மீதி ஒருவர் ஷோல்டரும் மூட்ட வேண்டும், ரிப்பும் ஏற்ற வேண்டும்: 0.90. அவரால் மணிக்கு 66 பீஸுக்கு மேல் தள்ள முடியாது. மற்றவர்கள் 110, 120 தைக்கக் கூடியவர்களாக இருந்தாலும் லைன் 66-லேயே நிற்கும். அவர் முன்னால் கட்டுக் கட்டாகக் குவிந்து கிடக்க, பேட்லாக் டெய்லர் போன் பார்த்துக்கொண்டிருப்பார். முதலாளி அவரைச் சோம்பேறி என்று திட்டுவார். அவரிடம் பீஸே வந்திருக்காது. ஆறாவது ஓவர்லாக்கைப் போட்டு ஷோல்டரையும் ரிப்பையும் பிரித்துவிட்டால் எந்த இடமும் 0.50-ஐத் தாண்டாது. மணிக்கு 120 பீஸ் வரை வழி திறக்கும். ஒரு மெஷின், ஒரு ஆள் கூடுகிறது. லைனின் கொள்ளளவு ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது. 11 மெஷின் என்ற எண் இப்படித்தான் வருகிறது: ஓவர்லாக் 6, சிங்கர் 3, பேட்லாக் 2.

லைனில் அடைப்பு எங்கே என்று கண்டுபிடிக்க ஸ்டாப்வாட்ச்கூடத் தேவையில்லை. மத்தியானம் 12 மணிக்கு லைன் ஓரமாக நடந்து போங்கள். எந்த மெஷின் முன் பீஸ் அதிகம் குவிந்து, அதற்கு அடுத்த மெஷின் காலியாக இருக்கிறதோ அதுதான் இடம். ஷோல்டர் டெய்லரை அரை மணி நேரம் அங்கே உட்கார வைத்தால் தீரும். ஆகவே ஓவர்லாக் டெய்லர் எல்லோருக்கும் குறைந்தது இரண்டு வேலை தெரிந்திருக்க வேண்டும். ரிப் ஏற்றுவது மட்டும் கை பழகியவரிடமே இருக்கட்டும். இழுவை சரியில்லை என்றால் கழுத்து அலை அலையாக நிற்கும், அதைப் பிரித்துத் தைத்தால் துணியில் ஊசி ஓட்டை விழும்.

ஒரு நாள் செலவு

சம்பளம் ஆளுக்கு ஆள், யூனிட்டுக்கு யூனிட் மாறும். கீழே இருப்பவை கணக்குப் பழக எடுத்த எண்கள். உங்கள் எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள்.

டெய்லர் 11 பேர், ஷிப்ட்டுக்கு 600 வீதம் 6,600. கைமடி ஆள் (உதவியாள்) 3, செக்கிங் 2, ஆளுக்கு 400 வீதம் 2,000. சூப்பர்வைசர் 900. ஆகச் சம்பளம் 9,500. பிஎஃப், ஈஎஸ்ஐ, போனஸ், சம்பளத்தோடு கூடிய லீவு எல்லாம் சேர்த்து 30 சதவீதம், அதாவது 2,850. மாத வாடகை 20,000-ஐ 26 நாளுக்குப் பிரித்தால் 770. கரன்ட் 400. நூல், ஊசி, எண்ணெய் 600. மெக்கானிக்கும் மெஷின் தேய்மானமும் 500. மொத்தம் 14,620 ரூபாய்.

இந்தப் பணத்தில் உங்களிடம் இருப்பது 11 பேர், ஆளுக்கு 480 நிமிடம், ஆக 5,280 நிமிடம். ஒரு நிமிடத்தின் விலை 2 ரூபாய் 77 பைசா. இந்த ஒரு எண்ணை மனப்பாடமாக வைத்திருங்கள்.

எல்லா நிமிடமும் பீஸாக மாறாது. 40 சதவீதம்தான் மாறியது என்றால் 422 பீஸ், பீஸுக்கு அடக்கம் 34.64. 50 சதவீதம் என்றால் 528 பீஸ், 27.69. 65 என்றால் 686 பீஸ், 21.31. 75-ஐ எட்டினால் 792 பீஸ், 18.46. இடமும் ஆளும் மெஷினும் அதேதான். அடக்கவிலை மட்டும் பாதிக்குப் பாதி மாறுகிறது. பக்கத்து யூனிட்காரர் 22 ரூபாய்க்கு எடுக்கிறார், நாமும் எடுப்போம் என்று போகிறவர் கெடுவது இங்கேதான். அவர் 65-ல் ஓட்டுகிறார், நீங்கள் இன்னும் 45-ல் இருக்கிறீர்கள்.

புது மாடல் லைனில் ஏறினால் முதல் நாள் 30 சதவீதம் வந்தாலே பெரிது. கை பழக மூன்று நான்கு நாள் ஆகும். ஆகவே 500 பீஸ் ஆர்டருக்கும் 5,000 பீஸ் ஆர்டருக்கும் ஒரே ரேட் சொல்லாதீர்கள். 500 பீஸ் ஆர்டர், லைன் வேகம் பிடிப்பதற்குள் முடிந்துவிடும். அதை 40 சதவீத அடக்கத்தில்தான் பேச வேண்டும்.

கலர் மாற்றமும் அப்படித்தான். நான்கு நூல் ஓவர்லாக் ஆறு என்றால் 24 கோன், இரண்டு ஊசி பேட்லாக் இரண்டுக்கு 6, சிங்கருக்கு 3, பாபின் தனி. ஒரு கலருக்கு 33 கோன். பழைய நூல் முனையில் புது நூலை முடிச்சுப் போட்டு இழுத்தாலும், ஊசிக் கண்ணில் முடிச்சை வெட்டிக் கோத்து, டென்ஷன் பார்த்து, லைன் மறுபடி ஓட 15 நிமிடம் ஆகும். 11 பேருக்கு 165 நிமிடம், 457 ரூபாய். ஒரு நாளில் மூன்று கலர் மாற்றினால் ஒருவருடைய இரண்டு ஷிப்ட் சம்பளத்துக்கும் மேல் போயிற்று. "எட்டு கலர், கலருக்கு 80 பீஸ்" என்று மெர்ச்சண்டைசர் சாதாரணமாகச் சொல்வார். நீங்கள் சாதாரணமாகத் தலையாட்டக் கூடாது.

ரேட் பேசும்போதே கேட்டு எழுதி வாங்க வேண்டியவை: நூல் யாருடையது, வண்டி வாடகை யாருடையது, செக்கிங் யார் செய்வது, கட்டிங்கில் வந்த குறைக்கு யார் பொறுப்பு, பில் எத்தனை நாளில் பாஸ் ஆகும். ஒரு டி-சர்ட் 80 முதல் 120 மீட்டர் வரை நூல் தின்னும். 5,000 மீட்டர் கோன் ஒன்றில் 50 பீஸ் சொச்சம்தான் ஓடும். நூல் உங்கள் தலையில் என்றால் ரேட்டும் மாற வேண்டும்.

மெஷினும் இடமும்

முதலில் பழைய மெஷின் வாங்குவதில் தப்பில்லை, மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போனால். காலி ஓட்டு ஓட்டிப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள்; நீங்கள் தைக்கப்போகும் அதே ஜிஎஸ்எம் (கனம்) துணியை எடுத்துப்போய் அரை மணி நேரம் தைத்துப் பாருங்கள். சூடேறிய பிறகுதான் எண்ணெய் கசிவும் தையல் விடுவதும் தெரியும். பழைய கிளட்ச் மோட்டார் இருந்தால் சர்வோவுக்கு மாற்றிவிடுங்கள். டெய்லர் தைக்காத நேரத்திலும் கிளட்ச் மோட்டார் சுற்றிக்கொண்டே கரன்ட் தின்னும். பனியன் துணிக்கு முனை உருண்ட ஊசிதான், 9 அல்லது 11 நம்பர். கூர் ஊசி நூலிழையை அறுத்துவிடும். அது கடையில் தெரியாது, ஒரு துவைப்புக்குப் பிறகு ஓட்டையாக விரியும்.

ஒவ்வொரு மெஷின் தலையிலும் ஒரு எல்இடி. இதில் மிச்சம் பிடிக்காதீர்கள். நேவியிலும் கறுப்பிலும் விட்ட தையல் மங்கின வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது.

பீஸ் உள்ளே வரும் நாள்

வண்டி வந்ததும் டெலிவரி சலானில் கையெழுத்துப் போடுவதற்கு முன் எண்ணுங்கள். சைஸ் வாரியாக, முன்பக்கம், பின்பக்கம், கை, ரிப் என்று தனித்தனியாக. சலானில் 1,200 என்று இருந்து கை ஜோடி 1,188 இருந்தால் அதை அப்போதே சலானிலேயே எழுதி டிரைவர் கையெழுத்தை வாங்க வேண்டும். மறுநாள் போனில் சொன்னால் அந்த 12 பீஸும் உங்கள் பில்லில் கழியும். கூலி அல்ல, டி-சர்ட் விலையே கழியும் என்பதால் அந்த 12 பீஸ் அதைப்போலப் பல மடங்கு பீஸின் கூலியைக் கொண்டுபோய்விடும்.

20 பீஸுக்கு ஒரு கட்டு. கட்டிங்கில் அடுக்கு வரிசைப்படி ஒட்டிய நம்பர் ஸ்டிக்கர் கடைசி வரை இருக்க வேண்டும். 14-ம் நம்பர் முன்பக்கத்துக்கு 14-ம் நம்பர் கைதான். ஸ்டிக்கரைப் பிய்த்துப் போட்டுக் கலந்து தைத்தால், மெஷின் முன் ஒன்றாகத் தெரிந்த இரண்டு வெள்ளையும் வெயிலில் இரண்டு ஷேடாகத் தெரியும். அதைச் சரிசெய்ய வழியே இல்லை.

முழு லைனையும் ஓட்டுவதற்கு முன் சைஸுக்கு ஒரு பீஸ் தைத்து, கம்பெனி ஆள் அளந்து, கையெழுத்துப் போட்ட சாம்பிளை லைன் மேலே தொங்கவிடுங்கள். பின்னால் தகராறு வந்தால் அந்தச் சாம்பிள்தான் உங்களுக்குச் சாட்சி.

செக்கிங்கைக் கடைசியில் மட்டும் வைத்தால் காலையில் நடந்த தப்பு சாயங்காலம்தான் தெரியும். அதற்குள் 400 பீஸ் போயிருக்கும். இரண்டு செக்கிங் ஆளில் ஒருவரை லைனுக்குள் விடுங்கள். மணிக்கு ஒரு முறை, ஒவ்வொரு மெஷினிலும் ஐந்து பீஸ். கம்பெனி க்யூசி (தரம் பார்க்கிறவர்) பெரும்பாலும் ஏக்யூஎல் 2.5 என்ற அளவில், அதாவது எத்தனை குறை வரை ஏற்கலாம் என்ற அட்டவணைப்படி பார்ப்பார். 1,201 முதல் 3,200 பீஸ் வரை உள்ள லாட்டில் 125 பீஸ் எடுப்பார், 7 வரை குறை இருந்தால் பாஸ், 8 ஆனால் மொத்த லாட்டும் திரும்பி வரும். உடைந்த ஊசிக்கு ஒரு நோட்டு. எல்லாத் துண்டும் கிடைத்து, நோட்டில் ஒட்டிய பிறகுதான் புது ஊசி. குழந்தைகள் பீஸில் ஒரு துண்டு சிக்கிப் போனால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

ஆட்கள்

டெய்லருக்கு ஷிப்ட் சம்பளமா, தைத்த பீஸ் எண்ணிக்கைக்குக் கூலி தரும் பீஸ் ரேட்டா என்று எல்லோரும் கேட்பார்கள். முதல் மூன்று மாதம் ஷிப்ட். லைன் ஒழுங்காக ஓடாத யூனிட்டில் பீஸ் ரேட் போட்டால் நல்ல டெய்லர் காத்திருந்து காத்திருந்து கூலி குறைந்து போய்விடுவார். வேலை தொடர்ந்து வரத் தொடங்கிய பிறகு பீஸ் ரேட் இரண்டு பக்கத்துக்கும் லாபம். ஆனால் வேலைக்கு வேலை ரேட்டை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள், கட்டுச் சீட்டை டெய்லர் கையிலேயே கொடுங்கள். கணக்கு முதலாளி நோட்டில் மட்டும் இருக்கும் யூனிட்டில் சனிக்கிழமை தோறும் சண்டைதான்.

கூலி விஷயத்தில் நீங்கள் நினைத்தபடி ஒரு எண் வைக்க முடியாது. திருப்பூரில் முதலாளிகள் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் பேசி, சில ஆண்டுகளுக்கு ஒரு முறை ஒப்பந்தம் போடுகிறார்கள். 1984-ல் பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைநிறுத்தம் நடந்த ஊர் இது. வேலையைச் சிறு யூனிட்டுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் வழக்கம் அதற்குப் பிறகு இன்னும் வலுத்தது. நீங்கள் போடப்போகும் யூனிட்டும் அந்த வரிசையில் ஒன்று. நடப்பு ஒப்பந்தத்தின் நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். டெய்லர்கள் கையில் அது ஏற்கெனவே இருக்கும்.

சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம். ஆறு மணி என்றால் ஆறு மணி. திங்கட்கிழமை மட்டம் போடுகிறார்கள் என்று ஒரு வாரச் சம்பளத்தைப் பிடித்து வைக்கும் யூனிட்டுகள் உண்டு. சட்டப்படியும் தப்பு, பலனும் இல்லை. அந்தப் பேச்சு ஒரே வாரத்தில் டீக்கடை வரை போய்விடும். அதற்குப் பதில் ஆறு நாளும் வந்தவருக்குச் சின்ன வருகைத் தொகை கொடுத்துப் பாருங்கள். அட்வான்ஸ் கேட்காத டெய்லர் கிடையாது. இரண்டு வாரச் சம்பளத்துக்கு மேல் கொடுக்காதீர்கள், கொடுத்ததை வாரா வாரம் கொஞ்சமாகக் கழியுங்கள். "பத்து டெய்லரோடு வருகிறேன், ஒரு லட்சம் அட்வான்ஸ் கொடுங்கள்" என்று வரும் காண்ட்ராக்டர், இரண்டு லட்சம் கொடுக்கிற இடத்துக்குப் பத்துப் பேரையும் கூட்டிக்கொண்டு போய்விடுவார்.

காலை எட்டரைக்கு வந்து இரவு எட்டரை வரை ஒன்றரை ஷிப்ட் ஓட்டுவது ஊர் வழக்கம். ஓவர்டைமுக்கு இரட்டிப்புச் சம்பளம் என்பது சட்டம். எக்ஸ்போர்ட் கம்பெனி ஆடிட்டில் டைம் கார்டைத்தான் முதலில் கேட்பார்கள். அது தவிர, இரவு ஏழு மணிக்கு மேல் தைத்த பீஸைத் தனியாக எடுத்து வைத்து ஒரு வாரம் ஆல்டரேஷன் (பிரித்து மறுபடி தைக்க வேண்டியவை) எண்ணிப் பாருங்கள். மிச்சம் என்ன என்று தெரிந்துவிடும்.

பிகார், ஒடிசா, ஜார்க்கண்ட் ஆட்கள் இல்லாமல் இன்று லைன் ஓடாது. ரேட் சீட்டும் பாதுகாப்பு நோட்டீஸும் இந்தியிலும் ஒட்டுங்கள். பெண்களுக்குத் தனிக் கழிப்பறை, உள்ளே தாழ்ப்பாள், தண்ணீர். இதைச் செய்யாத யூனிட்டில் கைமடி ஆளும் செக்கிங் ஆளும் மாதத்துக்கு ஒருவர் மாறிக்கொண்டே இருப்பார்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு 2013 சட்டப்படி கட்டாயம்.

பணமும் பேப்பரும்

வாரச் செலவு, மேலே உள்ள கணக்குப்படி ஆறு நாளுக்கு 87,720. பில் பாஸாகிப் பணம் வர ஆறு வாரம் என்றால், ஒரு ரூபாயும் வராமல் 5 லட்சத்து 26 ஆயிரம் போயிருக்கும். மெஷினுக்குப் போட்ட பணம் போக இவ்வளவும் கையிலோ வங்கி ஓவர்டிராஃப்ட்டிலோ இருந்தால்தான் தொடங்கலாம். மெஷினுக்கே எல்லாவற்றையும் கொட்டிவிட்டு வருகிறவர்கள்தான் ஐந்தாவது சனிக்கிழமை வட்டிக்கு வாங்குகிறார்கள்.

உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) செய்து அந்த எண்ணைப் பில்லில் அச்சடியுங்கள். 2006 எம்எஸ்எம்இ சட்டப்படி உங்களுக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும். தாமதமானால் அந்தச் செலவை அந்த வருடக் கணக்கில் கம்பெனி கழிக்க முடியாது என்ற வருமான வரி விதி 2024 ஏப்ரலில் வந்த பிறகு, மார்ச் மாதத்தில் பல கம்பெனிகள் தாங்களாகவே கூப்பிட்டுக் கொடுக்கின்றன. புகார் கொடுக்கலாம்தான், கொடுத்த பிறகு அந்தக் கம்பெனியிலிருந்து அடுத்த ஆர்டரை எதிர்பார்க்க வேண்டாம்.

வருடத்துக்கு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி. 11 மெஷின் யூனிட் ஆறு மாதத்தில் தாண்டிவிடும். ஜாப் ஒர்க் கூலிக்கு 5 சதவீதம். கம்பெனி பணம் தராவிட்டாலும் வரி கட்டும் தேதி நிற்காது. பில்லில் டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) தனிநபருக்கு 1 சதவீதம் பிடிப்பார்கள், ரிட்டர்னில் திரும்ப வாங்கலாம்.

மேலே உள்ள கணக்கில் ஆட்கள் 17 பேர். 10 பேர் இருந்தாலே ஈஎஸ்ஐ: மாதம் 21,000 வரை வாங்குகிறவருக்கு முதலாளி பங்கு 3.25, தொழிலாளி பங்கு 0.75 சதவீதம். பிஎஃப் 20 பேர் இருந்தால்தானே என்று அதைக் கணக்கிலிருந்து எடுத்துவிடாதீர்கள். எக்ஸ்போர்ட் வேலை வேண்டுமென்றால் அதைக் கேட்பார்கள், காண்ட்ராக்டர் கொண்டுவந்த ஆளும் தலைக்கணக்கில் வருவார். தொழிற்சாலை என்ற வரையறை 1948 சட்டத்தில் மின்சாரத்தோடு 10 பேர் என்று இருந்தது. 2025 நவம்பர் 21-ல் நடப்புக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் 20 பேர். லைசென்ஸ் விஷயத்தை ஆடிட்டரிடம் அதன்படி முடித்துக்கொள்ளுங்கள்.

போட்டி

உங்களுக்குப் போட்டி இரண்டு பக்கம். ஆர்டருக்கு ஒன்று, டெய்லருக்கு ஒன்று. ஆர்டரில் 50 பைசா குறைத்து வாங்கிய இடத்தை 75 பைசா குறைப்பவர் வாங்கிக்கொள்வார். சொன்ன நாளில், எண்ணிக்கை குறையாமல், ஸ்டிக்கர் கலக்காமல் கொடுத்தால் மெர்ச்சண்டைசர் அடுத்த லாட்டுக்கு முதலில் உங்களைத்தான் கூப்பிடுவார். ஷிப்மென்ட் தள்ளிப்போய் விமானத்தில் அனுப்ப நேர்ந்தால் அவருக்கு ஆகும் செலவு உங்கள் 50 பைசாவை விட எவ்வளவோ பெரிது. ஒரே கம்பெனி உங்கள் வேலையில் பாதிக்கு மேல் ஆகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டாவது கம்பெனியாக உள்நாட்டு பனியன் வியாபாரம் செய்கிறவரைப் பிடியுங்கள். எக்ஸ்போர்ட் சீசன் ஓய்ந்தாலும் அவரிடம் வேலை இருக்கும்.

டெய்லருக்கு 20 ரூபாய் கூட்டித் தருகிறேன் என்று எதிர் யூனிட் கூப்பிடும். அதற்காக மட்டும் போகிறவர் குறைவு. "இன்னிக்கு பீஸ் வரல, மத்தியானமே போயிருங்க" என்று வாரத்தில் இரண்டு நாள் கேட்டவர்தான் போவார். ஆகவே அடுத்த லாட் கட்டிங்கிலிருந்து வரும் நாளை வியாழக்கிழமையே உறுதி செய்யுங்கள். வராது என்றால் வேறு இடத்தில் சின்ன லாட்டாவது பிடித்து வையுங்கள். அதில் லாபம் இல்லாவிட்டாலும் சரி.

தீபாவளிக்கு யூனிட் பூட்டினால் வடமாநில ஆட்கள் அடுத்து வரும் சாத் பூஜை (பிகார் பக்கத்துச் சூரிய வழிபாடு) முடித்துத்தான் திரும்புவார்கள். போனஸை ஒரு வாரம் முன்பே பட்டுவாடா செய்து, திரும்பி வரும் ரயில் டிக்கெட்டை யூனிட் செலவில் எடுத்துக் கொடுத்துவிடுங்கள். வந்து சேரும் தேதியைப் பெயரோடு நோட்டில் எழுதிக்கொண்டு, அந்தத் தேதிக்குப் பத்து நாள் கழித்துத்தான் முதல் டெலிவரி என்று கம்பெனியிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.